மேற்கு வாசலில் பத்லி

வாரியத்துப் பாலில் காபி போட்டு, வாரியத்து பிஸ்கட் நாலைத் தட்டில் அடுக்கி, வாரியத்து மேஜரின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள் இந்துமதி. வைத்த பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியும் அதே கம்பெனிதான்.

படைவீரர் நல வாரியம் என்பது முழுப்பெயர். சிப்பாய்மேட்டில் யாரும் முழுப்பெயரைச் சொல்லி நேரத்தை வீணாக்குவதில்லை. பட்டாளத்துப் பெரிய தலைகள் சேர்ந்து ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டுவோம் என்றுதான் முதலில் ஆரம்பித்தார்கள். மருத்துவமனைச் செலவுக்கு ஒரு பிஸ்கட் ஆலை வைத்தார்கள். பிஸ்கட்டுக்குப் பால் வேண்டுமே என்று பால்பண்ணை வந்தது. கட்டடங்களுக்காக சிமெண்ட் ஆலை, சரக்கை ஏற்ற லாரி, லாரிக்கு பெட்ரோல் பங்க் என்று போய், இப்போது வேலூரைச் சுற்றி நாற்பது மைலுக்கு வாரியத்துக்குச் சொந்தமில்லாதது வெயில் ஒன்றுதான் என்று ஊரில் பேச்சு.

மேஜர் ரத்னவேல் காபியைத் தொடவில்லை. ஓய்வு பெற்றும் மிடுக்குக் குறையாத மனிதர். எதையோ சொல்லத் தயங்கி, கூட வந்திருந்த பெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் இப்பல்லாம் ட்யூட்டிய ஒழுங்கா பாக்கறதில்லம்மா," என்றார்.

இந்துமதியின் வீட்டுக்காரர் ஹவில்தார் தேசிங்கு செத்து மூன்று வருஷம் முடிந்திருந்தது. மாலை போட்ட படத்துக்கு நேர் கீழேதான் மேஜர் உட்கார்ந்திருந்தார்.

வேறு ஊராக இருந்தால் அந்த வார்த்தைக்கு மேஜரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியிருப்பார்கள். சிப்பாய்மேட்டில் அப்படி இல்லை. இங்கே மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் செத்தவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பட்டாளத்தில் சேர்ந்த அன்றே தொப்பிக்கு அடியில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். பதினேழு வருஷம் அது தலையிலேயே கிடக்கும். ஆள் எதைப் பார்க்கிறான், எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறான், எப்போது சந்தேகப்படுகிறான், எப்போது போகட்டும் என்று விடுகிறான், எல்லாவற்றையும் அது வாங்கி வைத்துக்கொள்ளும். ஓய்வு பெறும் அன்று கழற்றி எடுத்துக்கொள்வார்கள். உள்ளே சேர்ந்திருப்பதற்குத் தடம் என்று பெயர். அந்தத் தடம் வாரியத்து லாரியை ஓட்டும், சூளையைக் கவனிக்கும், ஆலை வாசலில் காவல் நிற்கும். அது வேலை பார்க்கிறவரை குடும்பத்துக்கு வாரிய மருத்துவமனையில் வைத்தியம் இலவசம். ஆள் போனாலும் தடம் போகாது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். வாரியம் சிப்பாயையும் யானையாக்கிவிட்டது.

இந்துமதிக்கு இதில் புகார் ஒன்றும் கிடையாது. அவள் மகள் யாழினிக்கு ஏழு வயதில் சிறுநீரகம் கெட ஆரம்பித்தது. தேசிங்கு பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஊரோடு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. இப்போது அவளுக்குப் பதினேழு வயது. போன மார்ச்சிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். தேசிங்கின் தடம் நின்றால் அதுவும் நின்றுவிடும். இந்துமதி பிஸ்கட் ஆலையில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்து வாங்குவதை வைத்துக்கொண்டு வெளியே ஒரு மாத வைத்தியம்கூடப் பார்க்க முடியாது.

அதனால் மேஜர் சொன்னதைக் கேட்டதும் தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திவைத்தாள். "இன்னா சார் ஆச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

மேஜர் ஒரு காகிதத்தை விரித்தார். தேசிங்கின் தடம் நிற்பது பிஸ்கட் ஆலையின் மேற்கு வாசலில். நாலு மாதமாக ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் வாசல் வேலையை நிறுத்திவிடுகிறது. கம்பி கீழே இறங்கிவிடும், லாரிகள் அப்படியே நிற்கும். ஆரம்பத்தில் ரெண்டு நிமிஷம் நின்றது, இப்போது இருபத்தைந்து நிமிஷம். நின்றுகொண்டு 'பதில், பதில்' என்று கேட்கிறதாம். எதற்குப் பதில் என்று யாருக்கும் விளங்கவில்லை. தலைமை அலுவலகத்தில் இருந்தபடியே அதற்கு நேரம் சொல்லிப் பார்த்தார்கள், ரகசிய வார்த்தை சொல்லிப் பார்த்தார்கள், வானிலை சொல்லிப் பார்த்தார்கள். ஒரு புண்ணியவான் திருக்குறள்கூடச் சொல்லிப் பார்த்தாராம்.

"ஒரு வாசல்னா அணைச்சிட்டு வேற தடத்த வெச்சிருப்போம்," என்றார் மேஜர். "இது நூத்திப் பன்னெண்டு வாசல்."

இந்துமதிக்குப் புரியவில்லை. கூட வந்த பெண்தான் விளக்கினாள். ஆம்பூர்க்காரி, ஷாஹின் என்று பெயர், தடங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். வந்ததிலிருந்து பிஸ்கட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரரோடது ரொம்ப நல்ல தடம்க்கா. அதனால நகல் எடுத்து எல்லா ஆலை வாசலுக்கும் போட்டிருக்காங்க. ஒரு வாசல் இன்னைக்கு எதையாவது கத்துக்கிட்டா, சாயங்காலத்துக்குள்ள மத்ததும் கத்துக்கும். இப்ப எல்லா வாசலும் ஒரே நேரத்துல கேக்குது."

நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் அவர் நிற்கிறார் என்பதை யாரும் இதுவரை அவளிடம் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோது ஒரு இடத்தில் நிற்கவே முழங்கால் வலி என்று தைலம் தேய்க்கச் சொன்ன மனிதர்.

"அது ஆள் இல்லம்மா," என்றார் மேஜர், அவள் முகத்தைப் பார்த்து. "வெறும் பழக்கம்."

"பதினெட்டு வருஷம் அந்தப் பழக்கத்துக்குதான் சார் சோறு போட்டேன்," என்றாள் இந்துமதி.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள். மேஜர் காகிதத்தைப் பார்த்து, மார்ச் பதினேழாம் தேதி மதியம் ரெண்டு மணியிலிருந்து என்றார். இந்துமதி எழுந்தாள். புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள்.

உள்ளறையில் யாழினி விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. சின்ன வயதில் அவள் வெளியே விளையாடிவிட்டு வந்தால் தேசிங்கு வாசலில் கையை நீட்டி மறித்து, "தம்! கோன் ஆத்தா ஹை?" என்று மிரட்டுவார். நில், வருவது யார் என்று அர்த்தம். பட்டாளத்தில் காவல் நிற்பவன் கேட்கிற கேள்வி. அவள் ஒவ்வொரு தடவையும், "ஆத்தா இல்லப்பா, யாழி," என்பாள். பதிலைச் சொல்லாமல் அவர் விட்டதே இல்லை. நிமிர்ந்து முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். முதலில் காலைப் பார்ப்பார். முகம் பொய் சொல்லும், கால் சொல்லாது என்பது அவர் கட்சி.

"அப்பாவ திட்டாதம்மா," என்றாள் யாழினி.

"நான் இன்னாத்துக்குடி திட்றேன்," என்று இந்துமதி அவள் போர்வையைச் சரிசெய்தாள்.

வாரியத்து ஜீப்பில் போகும் வழியெல்லாம் ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்தது. இந்துமதி மார்ச் பதினேழை நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருஷமாக அவள் ஆலைக்குள் கிழக்கு வாசல் வழியாகத்தான் போய்வந்தாள். அரை மைல் சுற்று. மேற்கு வாசலில் நிற்பது அவர் என்று தெரிந்த பிறகு அந்தப் பக்கம் கால் வரவில்லை. டாக்டர் இனி டயாலிசிஸ்தான் என்று சொன்ன அன்று மட்டும் கால் தானாக அங்கே போனது. ஆள் உயரத்துக்கு ஒரு தூண், அதன் உச்சியில் தலை மாதிரி ஒரு கேமரா, பக்கத்தில் சிவப்பு வெள்ளைக் கம்பி. அவ்வளவுதான். அந்தத் தூணிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அது ஒன்றும் பேசவில்லை. லாரிக்காரர்கள் பார்க்கிறார்களே என்று வெட்கம் வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். அன்றைக்கு அங்கே ஏதோ செய்துவிட்டோம் என்று இப்போது தெரிந்தது. என்ன செய்தோம் என்றுதான் தெரியவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. வாசல் சுறுசுறுப்பாக வேலை செய்தது. லாரி வந்தால் கேமரா முதலில் சக்கரத்தைப் பார்த்தது, ஆள் வந்தால் காலைப் பார்த்தது. எல்லா வாசலுக்கும் வாரியம் கொடுத்திருக்கிற பொதுக்குரல் ஒன்றுதான், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி. ஆனால் ஒவ்வொரு முறை பேசுவதற்கு முன்னும் ஒரு சின்னச் செருமல் வந்தது. அந்தச் செருமலை இந்துமதிக்குத் தெரியும். சாப்பாடு ஆச்சா என்று கேட்பதற்கு முன்னால் வருகிற செருமல் அது.

"அதை எடுக்கப் பாத்தோம்க்கா. எடுத்தா தடமே நின்னு போயிடுது," என்றாள் ஷாஹின்.

பன்னிரண்டு மணிக்குக் கம்பி இறங்கியது. பின்னால் வந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஓட்டுநர்கள் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நாலு மாதத்தில் பழகிவிட்டார்கள். இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நிழலுக்குப் போனார்கள். கேமரா இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது. பிறகு மெதுவாகத் திரும்பி சிப்பாய்மேட்டிலிருந்து வருகிற சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. காற்றுகூடக் கொஞ்சம் அடங்கியது போலிருந்தது.

செருமல் கேட்டது. பிறகு, யாரையோ எழுப்பக் கூடாது என்பது போன்ற தணிந்த குரலில் தூண் கேட்டது.

"பத்லி?"

இந்துமதி அப்படியே சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"பதில் இல்ல சார் அது," என்றாள். "பத்லி."

மேஜருக்கு அந்த வார்த்தை தெரியாமல் இல்லை. காவல் நிற்பவனை மாற்ற வருகிற அடுத்த ஆள் பத்லி. அவன் வராமல் சிப்பாய் இடத்தை விட்டு நகரக் கூடாது. வானமே இடிந்து விழுந்தாலும் நிற்க வேண்டும். ஷாஹினுக்கும் தெரியும், அவள் வீட்டில் பேசுவதே உருது. ஆனால் வாசல் பேசுவதை எழுத்தாக மாற்றுகிற இயந்திரத்துக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அது 'பதில்' என்று எழுதி அனுப்பியது. மேலே இருந்தவர்கள் எல்லாரும் எழுதியதைப் படித்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு வாசல்களிலும் ஒருவர்கூட நின்று காதுகொடுத்துக் கேட்கவில்லை.

"ஆனா இத்தனை வருஷமா கேக்காதது, மார்ச்ல ஏன் கேக்க ஆரம்பிச்சுது?" என்றாள் ஷாஹின். "யாராவது வரேன்னு சொன்னாத்தான் அதுக்கு எதிர்பார்க்கணும்னே தோணும்."

அப்போதுதான் இந்துமதிக்கு விளங்கியது. அன்றைக்கு அழுது முடித்துக் கிளம்பும்போது அவள் ஒரு வார்த்தை சொன்னாள். வீட்டை விட்டுக் கிளம்பும் எந்தத் தமிழச்சியும் சொல்கிற வார்த்தை. போகிறேன் என்று யாராவது சொல்வார்களா? அபசகுனம். வாய் தானாகச் சொன்னது: "சரி, வரேங்க."

இத்தனை வருஷம் எதையும் எதிர்பார்க்காமல் நின்ற காவல்காரனிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நாலு மாதம் அவள் கிழக்கு வாசல் வழியாகப் போய்வந்திருக்கிறாள்.

இதை அவள் தலை நிமிராமல் சொன்னாள். மேஜருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவுதானா என்றார். அவர் யோசனை சுலபமாக இருந்தது. "இருங்க, வரேன்" என்று அவள் ஒருமுறை சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்துகொண்டு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எல்லா வாசலிலும் ஒலிக்கவிட்டால் போதும். தடம் சமாதானமாகிவிடும், வேலை நிற்காது, யாழினியின் வைத்தியத்துக்கும் பங்கம் இல்லை.

"எவ்ளோ நாளைக்கு சார் நிக்கும்?" என்று கேட்டாள் இந்துமதி.

"அதுக்கென்னம்மா, எத்தனை வருஷம் வேணும்னாலும் நிக்கும். வருவீங்கன்னு நம்பிக்கிட்டே நிக்கும்."

ஷாஹின் ஒலிவாங்கியை நீட்டினாள். இந்துமதி யாழினியை நினைத்தாள். நாளை வியாழக்கிழமை. எட்டு மணிக்கு ஊசி குத்தி எந்திரத்தோடு இணைப்பார்கள். பிள்ளையின் உயிர் ஒரு வார்த்தையில் இருக்கிறது, அதுவும் ஒன்றும் பெரிய பொய் இல்லை, தினம் எல்லாரும் சொல்கிற வார்த்தை. அவள் வாயைத் திறந்தாள்.

கேமரா சாலையிலிருந்து திரும்பி அவள் காலைப் பார்த்தது. வலது செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தாள். கேமரா அந்த ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு செருப்பு வாங்கேன் என்று அவர் எத்தனை வருஷம் திட்டியிருப்பார்.

அவளால் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது, மேஜர்மேல் ஆத்திரமாகவும் இருந்தது. ஒலிவாங்கியைத் தள்ளிவிட்டு, "நான் பத்லி குடுக்கறேன் சார். அவுரு போய் படுக்கட்டும்," என்றாள்.

மேஜர் நிதானமாகத்தான் எடுத்துச் சொன்னார். தடம் காவலை விட்டால் பணி முடிந்தது என்று எழுத வேண்டியிருக்கும். எழுதிய நிமிஷத்தில் மருத்துவமனைக் கணினி யாழினியின் பெயரை எடுத்துவிடும். அவராலும் தடுக்க முடியாது.

"எப்டி சார் முடியும்? ரெண்டு மணி நேரம் நின்னவன் கார்டு ரூம்ல போய் படுத்துக்குவான். அப்புறம் திரும்ப வந்து நிப்பான். படுத்துகினு இருந்தாலும் அவன் ட்யூட்டியிலதான் கீறான். என் வீட்டுக்காரு சொல்லுவாரு. நீங்க மிலிட்டரிதானே, உங்களுக்குத் தெரியாதா?"

மேஜர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டார். அவர் சப்ளைப் பிரிவில் இருந்தவர். முப்பது வருஷ சர்வீஸில் ஒருநாள்கூட வாசலில் காவல் நின்றதில்லை. "இது பட்டாளம் இல்லம்மா. கம்பெனி," என்றார் கடைசியில்.

"சேவகம்னா பட்டாளம், ஓய்வுன்னா கம்பெனியா சார்?"

பின்னால் நாற்பது லாரி நின்றது. மேஜரின் போன் ஓயாமல் அடித்தது. அவர் வெயிலில் சிவந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி. ரெண்டு மணி நேரம். ரெண்டு மணிக்கு அது எழுந்து நிக்கலைன்னா நான் எழுதிடுவேன். என்னைத் தப்பா நினைக்காதீங்க," என்றார்.

ஷாஹின் அவளைத் தனியாக இழுத்துப்போய், "வேணாம்க்கா," என்றாள். "இதுவரைக்கும் எந்தத் தடத்தையும் படுக்க வெச்சதில்ல. அதுல தூங்கற பழக்கமே கிடையாது, முழிச்சிருந்த நேரம் மட்டும்தான் பட்டை எடுத்துக்கும். படுத்தா என்னால எழுப்ப முடியும்னு சொல்ல முடியாது."

இந்துமதி தூணுக்கு முன்னால் போய் நின்றாள். யாழினி வீங்கிய முகத்தோடு கிடந்த அந்த வருஷங்களில் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவர் முறை முடிந்ததும் பிள்ளை எழாமல் இருக்கத் தணிந்த குரலில் "பத்லி?" என்பார். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவாள். அப்போது சொன்னதையே இப்போதும் சொன்னாள்.

"வந்துட்டேங்க. நீங்க போய் படுங்க."

கேமரா அசையவில்லை. செருமல் கேட்டது.

"ஜுரம் இல்ல," என்றது பொதுக்குரல். "ரெண்டு தடவ தண்ணி குடிச்சா."

பிறகு கேமரா மெல்லக் குனிந்தது. தூணில் எரிந்த பச்சை விளக்கு அணைந்தது.

ஷாஹின் ஓடிவந்தாள். "யாருக்குக்கா ஜுரம்?" என்றாள். இந்துமதி சொன்னாள். ஷாஹின் விரலைவிட்டு எண்ணிப் பார்த்தாள். பிள்ளைக்கு உடம்புக்கு வந்தது அவர் பட்டையைக் கழற்றிக் கொடுத்து ஒரு வருஷத்துக்குப் பிறகு. இது தடத்தில் இருக்கவே முடியாது என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

இந்துமதி நின்றிருந்த லாரி வரிசையைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கம்பியைக் கையால் தூக்கினாள். முதல் லாரி உள்ளே போனது.

ரெண்டு மணி நேரம் அவள் நின்றாள். சீட்டை வாங்கிப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், கம்பியை ஏற்றி இறக்கினாள். மண் கண்ணில் அடித்தது. மற்ற நூற்றுப் பதினொரு வாசல்களிலும் அதே நொடியில் கேமராக்கள் குனிந்துகொண்டன என்று மேஜருக்கு போன்மேல் போன் வந்தது. அவர் ஆலைக்குள் நின்ற ஜீப்பில் உட்கார்ந்து எல்லாருக்கும் ரெண்டு மணி, ரெண்டு மணி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஷாஹின் கையிலிருந்த கணினிப் பலகையைப் பார்த்தபடியே இருந்தாள். அதில் தேசிங்கின் பெயருக்கு எதிரே வெறுமையாக இருந்தது. ஒன்றரை மணிக்கு அதிலிருந்தே தடத்தை எழுப்பிப் பார்த்தாள். ஒன்றே முக்காலுக்கு மறுபடி பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

இந்துமதிக்குக் கால் மரத்துப்போனது. தப்பு செய்துவிட்டோமோ என்ற பயம் அப்போதுதான் வந்தது. செத்தவருக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று உயிரோடு இருக்கிற பிள்ளையை விட்டுவிட்டேனோ? மேஜர் ஜீப்பை விட்டு இறங்கி மணியைப் பார்த்தார், பையிலிருந்து பேனாவை எடுத்தார். ரெண்டடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. அவளுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அவர் கேட்கிற மாதிரியே, யாரையும் எழுப்பாத குரலில், தூணைப் பார்த்துக் கேட்டாள்.

"பத்லி?"

காற்று மட்டும் அடித்தது. ஷாஹின் பலகையைக் கீழே இறக்கிவிட்டாள்.

பிறகு செருமல் கேட்டது. பச்சை விளக்கு எரியவில்லை. கேமரா மட்டும் நிமிர்ந்தது.

"வந்துட்டேன் இந்து. நீ போய் படு."

ஷாஹின் பலகையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் பெயருக்கு எதிரே இன்னும் ஒன்றுமே இல்லை. ஓடாத தடம் பேசியிருந்தது. அதில் இல்லாத பெயரைச் சொல்லியிருந்தது. அவள் உருதுவில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ரெண்டடி பின்னால் போனாள். இந்துமதி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். "ஒருத்தி கெடக்கறா வீட்ல, இன்னும் சாப்பிடல," என்று தூணிடம் சொன்னாள். முறை மாற்றும்போது சேதி சொல்லாமல் போகக் கூடாது.

அவள் கம்பியைத் தாண்டிச் சாலைக்கு வந்தபோது பின்னால் மேஜர் ஓடிவந்தார். போனில் நல்ல சேதி வந்திருந்தது. நூற்றுப் பன்னிரண்டு வாசலும் ஒரே நொடியில் எழுந்துவிட்டன. அவர் கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. கம்பியை நோக்கி நடந்தபடியே அதைத் திறந்தார். உள்ளே புத்தம் புதிய பட்டை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"எழுத வேண்டாம்மா, பேனாவ உள்ள வெச்சிட்டேன்," என்றார். "ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நீங்க எப்படி வருவீங்க? பொண்ணையும் பாக்கணுமில்ல? இதை ஒரு ஆறு மாசம் தலையில கட்டிக்குங்க. உங்க தடமும் தயாராயிடும். அப்புறம் நீங்க வரவே வேண்டாம், அதுங்களே மாத்தி மாத்திப் பாத்துக்கும். பொண்ணுக்கும் காலம் பூரா வைத்தியம்."

சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவளுக்குக் கால் வலித்தது, நாளைக்கு வியாழக்கிழமை, காலம் பூரா என்ற வார்த்தை காதில் இனித்தது. அவள் கை கொஞ்சம் நீண்டுகூட விட்டது.

சிவப்பு வெள்ளைக் கம்பி மேஜரின் மூக்குக்கு முன்னால் சடாரென்று இறங்கியது.

"தம்," என்றது தூண். "கோன் ஆத்தா ஹை?"

மேஜர் திடுக்கிட்டு நின்றார். வழக்கமாக அவர் முகத்தைக் கண்டதும் திறக்கிற வாசல். "நான்தான்," என்றார். "மேஜர் ரத்னவேல். திற." கேமரா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பளபளவென்று மெருகேறிய அவருடைய காலணிகளைப் பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது.

கம்பி ஏறவில்லை. இந்துமதி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"நாலு மணிக்கு வரேங்க," என்று தூணிடம் சொன்னாள். இந்த முறை தெரிந்தேதான் சொன்னாள். ஊக்கு குத்திய செருப்பை இழுத்துக்கொண்டு சிப்பாய்மேட்டுச் சாலையில் நடந்தாள். யாழினிக்குச் சோறு போட்டுவிட்டு ஒரு மணி நேரமாவது தூங்க வேண்டும். பின்னால் மேஜர் வாசலிடம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.